பதினைந்தாவது படி

பதினைந்தாவது படியில் நின்ற என் கணவர் வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்க இடம் இருக்கவில்லை.

அவருக்கு நேர் முன்னால் மேல்தட்டின் கைபிடிச் சுவர் இடுப்பளவுக்கு நின்றது. உள்ளே போவதற்காக அந்தச் சுவரில் விட்டிருந்த வாசல், இடப்பக்கமாக ஒன்றரை அடி தள்ளி இருந்தது. படிக்கும் தட்டுக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெளி. அதன் ஒரு முனையில் விரல் நுழையும். மறு முனை ஒரு சாணுக்கும் மேல்.

நான் கீழே நின்று அந்த வெளியைப் பார்த்தேன். அதற்குள்ளால் வானம் தெரிந்தது. என் இடுப்பில் மூன்றரை வயது அபி, கையில் கடித்த கொய்யாக்காயுடன் இருந்தாள். அந்த வெளிக்குள்ளால் எது போகும், எது போகாது என்று நான் அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய சட்டைகளை நான்தான் தைக்கிறேன்.

"என்ன தம்பி, கொக்கு மாதிரி ஒத்தைக்காலில நிக்கிறாய்?" என்றார் மச்சாள். என் கணவரின் மூத்த அக்கா. பக்கத்து வளவில் இருப்பவர்.

கீழே சீமெந்து பூசிக்கொண்டிருந்த பீற்றர் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "கொக்கெண்டாலும் மீனைப் பாத்துக்கொண்டு நிக்கும். இவன் எதைப் பாக்கிறான்?"

என் கணவர் தூக்கிய காலை மெல்ல இறக்கி வைத்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஏனென்றால் அந்த வெளி அங்கே வரப்போகிறது என்பது எனக்கு மூன்று கிழமைக்கு முன்பே தெரியும்.

வீட்டுத்திட்ட வீட்டுக்கு மாடியா?

முன்னர் ஓர் அத்தியாயத்தில் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியபோது "பின்பக்கத்துச் சுற்றுப்படி" என்று ஒரு வரி வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு அறையும் ஒரு குசினியுமாக அளந்து தரும் வீட்டில் சுற்றுப்படிக்கு என்ன வேலை, அது ஹோட்டல்களில் அல்லவா இருக்கும் என்று. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை எழுத இவ்வளவு நாளும் பின்னடித்தேன். பதிலில் என்னைப் பற்றி நல்லதாக அதிகம் இல்லை.

எங்கள் ஊர் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைகிறது. அதே குளம் மார்கழியில் நிரம்பி வான் பாயத் தொடங்கினால், வாய்க்கால் எது, ஒழுங்கை எது என்று தெரியாமல் போய்விடும். மழை ஊரில் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. எங்கோ மேலே பெய்த மழை வெயில் எறிக்கும் நேரத்தில் வீட்டுக்குள் வரும்.

படி கட்டுவதற்கு முந்தைய மாரியில் அப்படித்தான் வந்தது. அபிக்கு அப்போது இரண்டரை வயது. காலை ஏழு மணி இருக்கும். குசினிக்குள் தண்ணீர் கணுக்காலளவுக்கு வந்தது. ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. இவர் மச்சாளின் மாடுகளை அவிழ்த்துவிடப் போயிருந்தார்.

நான் அபியைத் தூக்கி மேசையில் நிறுத்தினேன். "அசையாமல் நில்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு அலுமாரிப் பக்கம் திரும்பினேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் எங்கள் கோப்பு இருந்தது.

அந்தக் கோப்பின் பெறுமதி இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குத்தான் தெரியும். இவருடைய பிறப்பு அத்தாட்சி, முகாம் பதிவு, காணிக் கடிதம், எங்கள் விவாகப் பதிவு. ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை காலை பஸ் ஏறினோம், எத்தனை கந்தோர் வாங்குகளில் காத்திருந்தோம், "நாளைக்கு வாங்கோ" என்பதை எத்தனை தரம் கேட்டோம். ஒன்று நனைந்தால் எல்லாம் முதலிலிருந்து. நான் கோப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். மேசையில் பிள்ளை இல்லை.

தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது.

இரண்டு விநாடி இருக்கும், அல்லது மூன்று. தூக்கியதும் இருமினாள், அழுதாள், பிறகு விக்கல் எடுத்தாள். வேறு ஒன்றுமில்லை. அன்று பகலே பள்ளிக்கூட மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடினாள்.

கோப்பு நனையவில்லை.

இதை நான் இவருக்கு மட்டும்தான் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து வயலால் வந்து கால் கழுவும்போது, "குசினிக்கு மேல ஒரு தட்டுப் போடுவம். தண்ணி வந்தாப் பிள்ளையைக் கொண்டு ஏறியிருக்கலாம்" என்றார்.

நாலு படி செய்த மனிதர்

தட்டுப் போட வந்தவர்தான் பீற்றர் அண்ணை. ஓலைத்தொடுவாய் ஆள். தீவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் கட்டிய பையில் தூக்குக்குண்டும் நூலும் எங்களுக்குக் கொண்டுவரும் கருவாடும் ஒன்றாகக் கிடக்கும். அவர் அளந்த நூல் எங்கள் வீட்டில் பல நாள் சூடைக் கருவாடு மணத்தது.

தட்டு முடிந்தது. அதன்மேல் தகரக் கூரையோடு ஓர் அறையும் எழும்பியது. ஏறத்தான் வழியில்லை.

நேரான படிக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். ஒரு பக்கம் கிணறு. மறு பக்கம் மலசலகூடக் குழி. பின்னால் மச்சாளின் வேலி. மிஞ்சியது குசினிச் சுவரோடு ஒட்டிய ஆறேழு அடிச் சதுரம்.

"வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடேலாதோ?" என்று பீற்றர் அண்ணை மச்சாளிடம் கேட்டார்.

"வேலியைத் தள்ளலாம். வேலியில நிக்கிற முருங்கையை ஆர் தள்ளுறது?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"சுத்துப்படி போடுவம்," என்றார் இவர். "இந்தியாவில நாலு செய்தனான்."

இவர் ஐந்து வயதில் தாய் தகப்பனோடு தமிழ்நாட்டுக்குப் படகேறியவர். மச்சாள் கலியாணம் கட்டி இங்கேயே நின்றுவிட்டார். இவர் முகாமில் வளர்ந்து, முகாமுக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பழகினார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தெழும்பிய காலத்தில், பகலில் பெரிய வீடுகளுக்கு மாடிப்படி ஒட்டப் போவாராம். முதலாவது ஒரு டாக்டர் வீட்டின் பின்பக்கம். அதைப் பற்றிச் சொல்லும்போது இவருடைய பேச்சு தன்னை அறியாமல் அந்தப் பக்கத்துத் தமிழாகிவிடும். மச்சாளுக்கு அது சிரிப்பு.

"செய்து முடிச்ச பிறகு ஏறி மாடியைப் பாத்தனீங்களோ?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எங்க. வீட்டுக்காரர் வந்திட்டினம். முதலாளி சாமானைக் கட்டச் சொல்லிப்போட்டார்."

நாலு வீட்டிலும் அப்படித்தானாம். கீழிருந்து படி ஒட்டிக்கொண்டு போனவர், ஒரு வீட்டு மாடிக்குள்ளும் கால் வைத்ததில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கவலையில், கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

நடுவில் நட, குழாய்க்கிணறு அடிக்கும் ஆட்கள் கழித்துவிட்ட நாலங்குலக் குழாய் ஒன்று கிடைத்தது. படிகளுக்கு இரும்புத் தகடு. பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு படியின் வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாத் தகட்டையும் அதன்படியே வெட்டினார். மணிக்கூட்டு முகத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எப்படி இருக்குமோ, அதுதான் அந்த வடிவம். குழாயைச் சுற்றிப் பன்னிரண்டு படி ஏறினால் ஒரு முழுச் சுற்று. இன்னும் இரண்டு ஏறினால், பதினான்காவதில், பீற்றர் அண்ணை சுவரில் விட்டிருந்த வாசலுக்கு நேரே நிற்போம். அதுதான் இவருடைய திட்டம்.

லாபம், நட்டம்

கணக்கை இவர் என்னிடம் தந்தார். நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். "ரீச்சர் பாத்தாச் சரி" என்று பீற்றர் அண்ணையும் சொல்லிவிட்டார். ரீச்சர் முன்பள்ளியில் படிப்பிக்கும் கணக்கு ஒன்றிலிருந்து பத்துவரைதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

தட்டின் உயரம் பத்தடி. நூற்றிருபது அங்குலம். கொப்பியில் பதினான்கு கோடு கீறி, ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம் உயர வேண்டும் என்று வகுத்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு மேலே முடியாமல் நீண்டுகொண்டு போனது.

மச்சாள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு அங்குலம் தேவையில்லை. விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு, "லாபம், நட்டம், லாபம், நட்டம்" என்று எண்ணிக்கொண்டு போனார். பதினான்காவது கோட்டில் விரல் நின்றது.

"நட்டம்."

எங்கள் பக்கத்தில் படி கட்டினால் இப்படி எண்ணிப் பார்ப்பார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். பெரிய நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிப் பார்த்து நட்டம் என்று தெரிந்த பிறகு கட்டுகிறவர் யாரும் இல்லை.

"அக்கா, இது வெள்ளத்துக்கு ஏறுற படி. யாவாரத்துக்கில்லை," என்றார் இவர்.

"வெள்ளத்தில மட்டும் நட்டம் வராதோ?"

"பீற்றர் அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்ல? எங்கட ஆக்களும் எண்ணுறவைதான். கோயில் மணிக்கூண்டுப் படிக்கே எண்ணினவை. பங்குச் சுவாமி பாக்காத நேரமாப் பாத்து."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏற்ற ஒரு பதிலைத் தேடி மனம் ஓடத் தொடங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பதினைந்தால் வகுத்துப் பார்த்தேன். சரியாக எட்டு. மீதியே இல்லை.

அந்த எட்டைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே. மச்சாளுக்கும் சரி, கணக்குக்கும் சரி.

"பதினைஞ்செண்டால் வடிவா வருது," என்றேன்.

"சரியாப் பாத்தனியோ?" என்றார் இவர்.

"ஓம்."

நேரான படியில் ஒன்று கூட்டினால் படி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். சுற்றுப்படியில் ஒன்று கூட்டினால், உச்சியில் நிற்கும் ஆள் மணிக்கூட்டில் ஒரு மணி தள்ளித் திரும்பி நிற்பார். நான் உயரத்தைப் பார்த்தேன். திருப்பத்தை மறந்துவிட்டேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள்.

வாழைத்தண்டில் ஈர்க்கு

வேலை தொடங்கியது. வயல் வேலைக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு படி, சில நாள் இரண்டு. நான் குசினி யன்னலுக்குப் பழைய போர்வை கட்டினேன், அபி வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்க. போர்வையின் ஓட்டைகளுக்குள்ளால் நீல வெளிச்சம் சுவரில் பொட்டுப் பொட்டாக வந்து விழும். அவள் அதைக் கையால் பிடிக்கப் பார்ப்பாள். வீடு முழுக்கக் கருகின இரும்பு மணம். சோற்றிலும் அந்த மணம்.

மூன்று படி ஒட்டி முடிந்த ஒரு பின்னேரம் அபியை அமர்த்துவதற்காக ஒரு விளையாட்டுச் செய்தேன். வாழைத்தண்டு ஒன்றை நட்டு, அதைச் சுற்றி ஈர்க்குகளைக் குத்தி, "அப்பா செய்யிற படி இதுதான்" என்று காட்டினேன். பக்கத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதில் கரியால் வாசல் கீறினேன். அவள் எண்ண, நான் குத்திக்கொண்டு போனேன்.

பதினான்காவது ஈர்க்கு வாசலுக்கு நேரே வந்தது. பதினைந்தாவது வாசலைத் தாண்டிப் போய் நின்றது.

பிடுங்கி மறுபடி குத்தினேன். அப்போதும் தாண்டித்தான் நின்றது.

உடனே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று படிதானே. வெட்டி எடுத்து, ஒரு மணி முன்னால் தள்ளி ஒட்டினால் முடிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? ஈர்க்கைச் சரிவாகக் குத்திவிட்டேனோ என்று யோசித்தேன். நாலு படி செய்த மனிதருக்குத் தெரியாததா என்று யோசித்தேன். மச்சாளின் முகத்தை யோசித்தேன். அபி பதினைந்தாவது ஈர்க்கைப் பிடுங்கி எறும்புப் புற்றைக் கிண்டப் போய்விட்டாள். நான் மிச்சத்தையும் பிடுங்கி அடுப்பில் போட்டேன்.

மூன்றில் சொல்லியிருக்கலாம். ஐந்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு படி ஏறும்போதும், சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாகிக்கொண்டு போனது. எட்டில் ஒரு நாள், தேத்தண்ணி கொடுக்கும் சாக்கில், "என்னப்பா, உச்சியில எப்பிடி வந்து சேரும்?" என்று கேட்டேன். "வரும்," என்றார். பத்தில் மறுபடி கேட்டேன். "வரும் எண்டிறன்," என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பிறகு நான் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றிலும் தலையிட்டேன். பக்கக் கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நச்சரித்தேன். நூலால் அபியின் தலையை அளந்து, அவளிடம் தொப்பி தைக்க என்று பொய் சொல்லி, அந்த அளவைக் கொண்டுபோய் இவரிடம் கொடுத்தேன். கம்பிகள் நெருங்கின. நாலு விரலுக்கு மேல் இடைவெளி இல்லை. பார்த்தவர்கள் கோழிக்கூடு என்றார்கள். பிள்ளை விழக்கூடிய பெரிய வெளி உச்சியில் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே, நான் சின்ன வெளிகளை அடைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில்

ஆக, அன்றைக்கு இவர் பதினைந்தாவது படியில் நின்று என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

கட்டுக்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. விதைப்பு முடிந்திருந்தது. முதல் மழைகள் விழுந்துவிட்டன. பெருமழைக்கு இன்னும் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. படி இல்லாவிட்டால் மறுபடியும் அந்த மேசைதான்.

"பிழை என்ரதான்," என்றேன். "ஒரு படி கூட்டினா உச்சி தள்ளிப் போகுமெண்டு நான் யோசிக்கேல்லை. பிறகு விளங்கிச்சு. மூண்டாவது படியிலயே விளங்கிச்சு. நான் சொல்லேல்லை."

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒன்பதாவதில விளங்கிச்சு," என்றார்.

"உங்களுக்கோ? அப்ப ஏன் சொல்லேல்லை?"

"முதல் படியை நான்தான் பிழையான பக்கம் வைச்சு ஒட்டிப்போட்டன் எண்டு நினைச்சன். நீ கணக்குப் படிச்சனி. நீ ஓம் எண்டனி." பிறகு குரலைத் தாழ்த்தி, "பட்டறையில அளவு குறிக்கிறது முதலாளி. கடைசிப் படியும் அவர்தான் வந்து ஒட்டுவார். நான் நடுவில உள்ளதுகள்தான்," என்றார்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

பீற்றர் அண்ணை கையைத் துடைத்தார். "நல்ல சோடி. ஆளுக்காள் மரியாதை கூடிப்போச்சு."

"சுவரை இடிச்சு வாசலைத் தள்ளி வைக்கேலாதோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"அதில அறையின்ர தூண் நிக்குது, ரீச்சர். தூணை இடிச்சா அறையும் வரும், நானும் வருவன்."

"எல்லாத்தையும் வெட்டி இறக்கித் திரும்ப ஒட்டத்தான் வேணும்," என்றார் இவர். "குழாய் தாங்குமோ தெரியாது."

பதினைந்து படி. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. நான் மனதுக்குள் நாள்களை எண்ணினேன். எப்படி எண்ணினாலும் மார்கழிக்குள் போய் விழுந்தது. அபியை இடுப்பிலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினேன். பாரமாக இருந்தாள்.

"தள்ளுங்கோ, நான் ஒருக்காப் பாக்கிறன்," என்றார் மச்சாள்.

"நீங்க ஏறி என்ன பாக்கப் போறீங்கள், அக்கா?"

"எண்ணிப் பாக்கப் போறன். நான் எண்ணாமல் ஆர் ஒட்டினாலும் எனக்குச் சரிவராது."

சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. மச்சாளைத் தடுத்து எனக்குப் பழக்கமில்லை. "லாபம், நட்டம், லாபம், நட்டம்." குழாயைச் சுற்றி மறைந்தார், தெரிந்தார், மறைந்தார். கால் வைக்கும் ஒவ்வொரு தகடும் 'டொங்' என்றது. பதினான்காவதில் வந்து நின்றார். "நட்டம்." மேலே பதினைந்தில் தம்பி நின்றார்.

"தள்ளடா."

"எங்க தள்ளுறது? இஞ்ச இடமில்லை."

"நான் நட்டத்தில நிக்கிறனெல்லே?"

இவர் சுவரோடு ஒதுங்கினார். அதற்கு மேல் ஒதுங்க முடியாது. மச்சாள் உச்சுக்கொட்டினார். பக்கத்தில் பார்த்தார். பதினான்காவது படிக்கு நேரே, கைபிடிச் சுவரில், வாசல் திறந்து கிடந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து, தட்டின் மேல் வைத்தார்.

"லாபம்," என்றார்.

ஏறி உள்ளே போய் நின்று, இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். "உங்க பார், என்ர முருங்கை இஞ்சயிருந்து என்ன வடிவாத் தெரியுது."

எனக்குத் தலைக்குள் எண்கள் ஓடின. பதினான்கு எட்டு, நூற்றுப் பன்னிரண்டு. தட்டு நூற்றிருபதில். நடுவில் எட்டு அங்குலம். ஒரு படியின் உயரம். பதினான்காவது படி வாசலுக்கு நேரே, ஒரு படி கீழே நிற்கிறது. அப்படியானால் தட்டுத்தான் பதினைந்தாவது படி. நாங்கள் கூட்டிய படி தேவையே இல்லை. படிக்கும் தட்டுக்கும் நடுவில் வெளியும் இல்லை, ஒரு விரல் நுழையும் அளவைத் தவிர.

பதினைந்தாவது ஈர்க்கையே பார்த்து மூன்று கிழமை பயந்தவள், பதினான்காவதை ஒரு தரமாவது பார்த்திருக்கலாம்.

இவர் பதினைந்திலிருந்து ஒரு படி இறங்கினார். இடப்பக்கம் திரும்பினார். காலைத் தூக்கினார். வைத்தார். அவ்வளவுதான். மேலே போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அப்ப இந்த மேலதிகத் தகடு?" என்று பீற்றர் அண்ணை கீழேயிருந்து கேட்டார்.

"வெட்டிவிடுவம்," என்றார் இவர்.

"நான் அப்பவே சொன்னனான், பதினைஞ்செண்டு," என்றார் மச்சாள். இன்றுவரை அவர் அப்படித்தான் சொல்லி வருகிறார். நாங்களும் மறுத்ததில்லை.

நான் உடுப்புத் தோய்க்கும் கல்லில் போய் இருந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணால் தண்ணீர் வழிந்தது. அபி என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டு, கடித்த கொய்யாக்காயை என் வாய்க்குள் திணித்தாள்.

அன்று பொழுது படுவதற்குள் இவர் அந்தத் தகட்டை அரிந்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கம்பியால் அடைத்தார். நான் நாலு விரலை வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

மார்கழி

அந்த வருடம் குளம் வான் பாய்ந்தது ஒரு மத்தியானம். முன்பள்ளியால் நான் வீடு வந்து, சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். வாசலால் பார்த்தபோது முற்றத்துத் தூசு மிதந்து வந்துகொண்டிருந்தது.

அபியைத் தூக்கினேன். ஏறினேன். மேலே அறையில் இருத்தினேன். கோப்பு ஏற்கெனவே மேலேதான் இருந்தது. கார்த்திகையிலேயே ஏற்றி வைத்துவிட்டேன். எடுக்கப் போக வேண்டிய பொருள் கீழே ஒன்றுமே இல்லை. அது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. எதையோ மறந்துவிட்டேன் என்று இரண்டு தரம் வாசல்வரை வந்து கீழே பார்த்தேன். சோற்றுப் பானையைத்தான் மறந்திருந்தேன். அதை இவர் தூக்கிக்கொண்டு வந்தார்.

மச்சாள் மூன்று கோழிகளோடு வந்தார். அடுத்த ஒழுங்கையிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு தாய், பிறகு அவளுடைய மாமனார், பிறகு யார் யாரோ. பின்னேரம் எண்ணியபோது பதினொரு பேர் இருந்தோம். தண்ணீர் இரண்டாவது படியை மூடி, அங்கேயே நின்றது. ஒரு பானைச் சோற்றையும் பீற்றர் அண்ணை தந்த கருவாட்டையும் பதினொரு பேர் சாப்பிட்டோம். கைக்குழந்தைக்காரி என் மடியில் பிள்ளையைத் தந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கோழி ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் முட்டை இட்டது. தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமில்லையே என்று யோசித்தேன். அப்படி யோசித்தது கூடாதோ என்றும் யோசித்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் பத்து மணியளவில் தண்ணீர் வடிந்தது. நான் முதலில் இறங்கி, விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தகடு 'டொங்' என்றது. நிமிர்ந்தேன். உச்சிப் படியில் இரண்டு சின்னக் கால்கள், குதிகால் வெளிப்பக்கமாக.

"நில்லுங்கோ பிள்ளை, அம்மா வாறன்."

"வேண்டாம். நான் இறங்குவன். நீங்க அங்கயே நில்லுங்கோ."

மேலே வாசலில் இவர் நின்றார். கைபிடிச் சுவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆனால் குனிந்து பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

வயிறு படியில் உரச, பெருவிரலால் அடுத்த தகட்டைத் தடவித் தேடி, கண்டுபிடித்து, இறங்கினாள். குழாய்க்குப் பின்னால் மறைந்தாள். அந்த இடத்தில் என் கால் தன்பாட்டில் ஓர் அடி முன்னால் போனது. நிறுத்தினேன். சட்டை நுனி தெரிந்தது. பிறகு கால். பிறகு முழுப் பிள்ளை.

மூன்றாவது படியில் நின்று திரும்பிக் கீழே பார்த்தாள். மிச்சம் இரண்டிலும் சேறு படிந்திருந்தது.

"அம்மா, ஊத்தை," என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்த இரண்டு படிக்கு மட்டும் நான் தூக்கி இறக்கினேன்.